பெரிய வீல் மாட்டும் முன் போட வேண்டிய கணக்கு

டயர் கடையில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "பதினேழு இன்ச் அலாய் போட்டுடுங்க, வண்டி கும்முனு நிக்கும்." நாலு நட்டும் சரியாக உட்கார்ந்து, மட்கார்டில் உரசாமல் இருந்தால் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த வீலோடு வண்டி எப்படித் திரும்பும், எப்படி நிற்கும் என்பதை யாரும் சொல்வதில்லை.

உங்கள் டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் ஊர் ஹேட்ச்பேக்குகளில் பரவலாக உள்ள அளவு. அகலம் 185 மி.மீ. பக்கச்சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. ரிம் 15 இன்ச். 88 என்பது ஒரு டயர் தாங்கும் சுமையின் குறியீடு, 560 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும். சக்கரத்தின் முழு உயரம் வேண்டுமானால் 15-ஐ 25.4-ஆல் பெருக்கி, இரண்டு பக்கச்சுவரையும் கூட்டுங்கள்: 381 + 240.5 = 621.5 மி.மீ. கடைக்குப் போகும்போது இந்த எண் கையில் இருக்க வேண்டும்.

195/55 ஆர்16-க்கு இதே கணக்கு 620.9 வரும். 205/45 ஆர்17-க்கு 616.3. இரண்டும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் அடங்குகின்றன. ஆனால் "டயர் மட்டும் கொஞ்சம் தடிமனாப் போடலாம்" என்று அதே ரிம்மில் 205/65 ஆர்15 ஏற்றினால் 647.5, அதாவது 4 சதவீதம் அதிகம். ஸ்பீடோமீட்டரில் முள் 100-ல் நிற்கும்போது வண்டி முன்பைவிட 4 கி.மீ. கூடுதலாக ஓடும். எல்லா கியரும் நீண்டுவிடுவதால் மேட்டில் இழுவை குறையும். அதே அளவு பிரேக் மிதித்தாலும் ரோட்டில் கிடைக்கும் பிரேக் விசை குறையும். தரை இடைவெளியில் கிடைக்கும் லாபம் வெறும் 13 மி.மீ. 2 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பதே எங்கள் கறாரான கருத்து.

கையாளுதல் மாறுவதற்குப் பெரிய காரணம் பக்கச்சுவர். 120 மி.மீ. சுவர் 17 இன்ச்சில் 92 ஆகிவிடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உயரமான சுவர் முதலில் மடிந்து, பிறகுதான் வண்டியைத் திருப்பும். குட்டைச் சுவரில் அந்தத் தாமதம் குறைவு; ஒடித்தவுடன் மூக்கு திரும்பும். ஓட்டுபவருக்கு இது பிடித்துப்போகிறது, ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. உயரமான டயர் பிடி விடுவதற்கு முன் கீச்சிட்டு, நெளிந்து எச்சரிக்கும். குட்டையான அகல டயரில் அந்த எச்சரிக்கை சுருங்கிவிடும். சஸ்பென்ஷன் பழையதுதான், நம்பிக்கை மட்டும் கூடியிருக்கிறது.

பள்ளத்தில் இறங்கும்போது குட்டைச் சுவர் படும் பாட்டைப் பாருங்கள். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். அறுந்த இடத்தில் காற்று தள்ளுவதால் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு எழும். அது பல நேரம் வண்டியின் உள்பக்கச் சுவரில் இருப்பதால் கண்ணில் படாது. கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உள்நோக்கிக் குழிந்த மெல்லிய கோடு இழைகள் சேரும் இடம், அதற்குப் பயப்பட வேண்டாம். வெளியே புடைத்திருந்தால் பஞ்சர் ஒட்டு எதுவும் உதவாது, டயரை மாற்றியே ஆக வேண்டும்.

கடையில் யாரும் பேசாதது ஆஃப்செட். ரிம்மின் பின்பக்கம் ஈடி 45 என்பதுபோல் வார்த்திருப்பார்கள். ஹப்பில், அதாவது வண்டியில் வீல் மாட்டும் நடுப்பகுதியில், ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பது அது. ஜே-க்கு முன் இருக்கும் எண் ரிம்மின் அகலம், இன்ச்சில். 5.5ஜே ஈடி 45 ரிம்மைக் கழற்றி 7ஜே ஈடி 38 மாட்டினால், வெளி விளிம்பு 26 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 12 மி.மீ. உள்ளே போகும். வெளியே தள்ளிய சக்கரம் வீல் பேரிங்கைக் கூடுதலாக நெம்பும். ஒரு பக்கம் மட்டும் தண்ணீரிலோ பள்ளத்திலோ விழுந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கி இழுக்கும். உள்ளே போன விளிம்பு சஸ்பென்ஷன் தூணான ஸ்ட்ரட்டை உரசக்கூடும். ரிம்மின் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் நடுவளையம் போடாமல் மாட்டவே கூடாது. மாட்டினால், பேலன்சிங் எத்தனை முறை செய்தாலும் வேகத்தில் ஆட்டம் நிற்காமல் போகலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அகல டயர் தோதானதல்ல. தண்ணீரை ஒதுக்க வேண்டிய அகலம் கூடுவதால், பைபாஸில் தேங்கிய நீரின்மேல் முன்பைவிடக் குறைந்த வேகத்திலேயே மிதக்கத் தொடங்கும். டயரின் பட்டன் (தரையில் படும் வரிப்பள்ளம்) தேய்ந்திருந்தால் இன்னும் மோசம். 1.6 மி.மீ. ஆழம் என்பது சட்டத்தின் எல்லை. மழைக்கு 3 மி.மீ. இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். இரண்டு டயர் மட்டும் வாங்கினால், முன்சக்கர இழுவை வண்டியானாலும் புதியதைப் பின்னால் போடுங்கள். பின்பக்கம் வழுக்கினால் வண்டியைத் திருத்துவது பெரும்பாலோரால் முடியாது.

205/45 ஆர்17 டயர் 84 என்ற குறியீட்டிலும் கிடைக்கும். அது 500 கிலோதான், பழையதைவிட 60 கிலோ குறைவு. 88 எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமைக்கான வகை, கேட்டு வாங்குங்கள். ஆனால் அது 560 கிலோவைத் தாங்குவது 42 பிஎஸ்ஐ காற்றில். சாதாரண 88 டயருக்கு 36 போதும். ஆகவே கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய அளவுக்கே காற்று பிடித்தால், முழு ஆள் ஏறும்போது டயர் சூடேறும்.

இவ்வளவும் பார்த்தால், 195/55 ஆர்16, 6ஜே ரிம், கம்பெனி ஆஃப்செட்டை ஒட்டிய ஈடி, சுமைக் குறியீடு பழைய 88-க்குக் குறையாமல்: ஊர் ரோட்டுக்கு இதற்குமேல் போக வேண்டாம். ரிம்மைத் தராசில் வைத்து எடை பாருங்கள். பழையதைவிடக் கனமாக இருந்தால் வேண்டாம். மாட்டியதும் ஐந்து பேரை ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஸ்பீடு பிரேக்கரில் முன்னும் பின்னும் ஏற்றி இறக்கி, மட்கார்டின் உட்புறம் பளபளவென்று தேய்ந்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். அலைன்மென்ட் அன்றே செய்யுங்கள். 100 கி.மீ. ஓடியதும் வண்டிக் கையேட்டில் உள்ள டார்க்குக்கு (இறுக்கும் அளவுக்கு) நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். அலாய்க்கான நட்டு, ஸ்டெப்னியின் இரும்பு ரிம்மில் சரியாக உட்காராமல் போகலாம். பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிடாமல் ஒரு பையில் போட்டு ஸ்டெப்னியோடு வையுங்கள்.