மஞ்சள் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: தூக்கணாங்குருவியை அடையாளம் காண்பது எப்படி?

பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மழைக்காலத்தில் தூக்கணாங்குருவியை அவர்கள் தவறவிடுவதே இல்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்துவிட்டால் அதே பறவை பல குறிப்பேடுகளில் சிட்டுக்குருவியாகிவிடுகிறது. மஞ்சள் உச்சந்தலையை மட்டும் தேடுவதால் வரும் வினை இது. அந்த மஞ்சள் ஆணுக்கு மட்டும்தான், அதுவும் கூடு கட்டும் காலத்தில்தான். போதாததற்கு, கீற்றுத் தூக்கணாங்குருவி, கருமார்புத் தூக்கணாங்குருவி ஆகியவற்றின் ஆண்களுக்கும் அப்போது உச்சந்தலை மஞ்சள்தான்.

மற்ற மாதங்களில் ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பு. சிட்டுக்குருவியோடு ஒப்பிட்டால் அலகு தடிமன், வால் குட்டை. அடுத்து மார்பைப் பாருங்கள். கீற்றில்லாமல் வெளிறியிருந்தால் சாதாரணத் தூக்கணாங்குருவி. கருங்கீற்றுகள் தெளிவாக ஓடினால் கீற்றுத் தூக்கணாங்குருவி. பக்கவாட்டில் மட்டும் மங்கலாக ஓரிரு கோடு தெரிந்தால் அவசரப்பட வேண்டாம், சாதாரண இனத்திலும் அது உண்டு.

கூடும் நிறையச் சொல்லும். பனை ஓலையிலோ முள்மரக் கிளையிலோ, பெரும்பாலும் நீருக்கு மேலே, நீண்ட குழாய் வாசலோடு தொங்கினால் அது சாதாரணத் தூக்கணாங்குருவியின் வேலை. கீற்று இனம் நீர்நிலையோரச் சம்பு, நாணல் தண்டுகளைச் சேர்த்துப் பிடித்துக் கட்டும், வாசல் குழாயும் சிறியது. குழாயே இல்லாமல் ஹெல்மெட் போல நிற்கும் கூட்டைப் பாழடைந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆண் அதுவரை கட்டிவிட்டுச் சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே சோதித்துப் பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதி வேலை நடக்கும்.

பழைய கூடு என்றாலும் கை வைக்க வேண்டாம். வெண்தொண்டைச் சில்லை அதில் குடியேறி முட்டையிடுவதுண்டு. தயவுசெய்து அலங்காரத்துக்காக அறுத்து எடுத்துப் போகாதீர்கள். கூட்டில் உட்கார்ந்திருப்பதாலேயே ஒரு பறவையைத் தூக்கணாங்குருவி என்று எழுதிவிடவும் முடியாது.

நீங்கள் நெருங்கியதும் ஆண்கள் கட்டுவதை நிறுத்தி, கூச்சலும் அடங்கிவிட்டால் அந்தத் தூரம் சரியில்லை. பின்வாங்குங்கள். சந்தேகமான பறவையை முதுகுப் பக்கம் எவ்வளவு அழகாகப் படமெடுத்தாலும் பயன் குறைவு. மார்பும் அலகும் தெரிகிற ஒரே படம் போதும்.