பிறக்கும்போது என்ன நிறை?

கிளிநொச்சிப் பக்கம் கிளினிக்கில் வயது குறைந்த ஒருவருக்குப் பிரசர் கூடியிருந்தால், உப்பு, சிகரெட், அப்பா அம்மாவுக்கு இருந்ததா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாகப் பிறந்த நிறையையும் கேட்பேன். பலர் சிரிப்பார்கள். அண்மையில் ஒரு அம்மா சிரிக்கவில்லை. மகன் 2009 கடைசியில், செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்தில் பிறந்தவன். உதைபந்தாட்டக் குழுவில் சேர மெடிக்கல் எடுக்க வந்திருந்தான், மூன்று தரம் பார்த்தும் 138/88.

"வயித்தில தங்கின நேரம் முள்ளிவாய்க்கால். கஞ்சிதான் டொக்டர், அதுவும் ஒரு நேரம். ஆனா பிறக்கேக்க மூண்டு கிலோ இருந்தவன்."

அந்த 'ஆனா'வில்தான் விஷயம் இருக்கிறது. 1989 இல் டேவிட் பார்க்கர் என்ற பிரித்தானிய மருத்துவர், ஹேர்ட்ஃபோர்ட்ஷயரில் பழைய பதிவேடுகளைத் தோண்டி, நிறை குறைந்து பிறந்த ஆண்கள் பின்னாளில் மாரடைப்பால் கூடுதலாக இறந்ததைக் காட்டினார். (நம் மிட்வைஃப்மார் எழுதும் கொப்பிகளைப் போன்றவைதான் அவையும், எறியாதீர்கள்.) சாப்பாடு போதாத கரு மூளையைக் காப்பாற்றிக்கொண்டு மற்ற உறுப்புகளில் சிக்கனம் பிடிக்கிறது. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிகின்றன, குறைந்து போனால் குறைந்ததுதான், பிறகு பிரசர் ஏறுகிறது.

ஆனால் நிறை மட்டும் போதாது. 1944-45 குளிர்காலத்தில் நாசிகள் உணவை மறித்ததால் நெதர்லாந்தில் பெரும் பட்டினி. கர்ப்பத்தின் முதல் மாதங்களில் பட்டினி கிடந்து, மே மாத விடுதலைக்குப் பின் நன்றாகச் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகள் வழக்கமான நிறையோடுதான் பிறந்தார்கள். ஐம்பது வயதளவில் அவர்களிடையே இருதய வருத்தம் ஏறக்குறைய மூன்று மடங்கு. அந்தப் பொடியனின் கதையும் அதே மே, வேறு வருடம்: சண்டை முடிந்த 2009.

அதே உலகப் போரில் ரஷ்யாவின் லெனின்கிராட் நகரை நாசிகள் முற்றுகையிட்டபோது கருவிலிருந்தவர்களிடம் இப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அங்கே பிறந்த பிறகும் சாப்பாடு தட்டுப்பாடுதான், பிள்ளைகள் திடீரென்று பெருக்கவில்லை, அதனாலாக இருக்கலாம் என்கிறார்கள். அதனால்தான், மெலிந்து பிறந்த பிள்ளையை ரோல்ஸும் சோடாவும் கொடுத்து ஊதவைப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு கோபம், கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா. பிள்ளைத்தாச்சிக்குக் கொடுத்ததை வீடே உருண்டை பிடித்துச் சாப்பிட்டு முடித்துவிடுகிறது. கனக்கச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்து வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று மாமிமார் பயமுறுத்துவது வேறு. நாள் தள்ளிப்போனதுமே கிளினிக்குக்கு வாருங்கள், இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளை வீட்டில் அடுக்கிவைக்காமல் போடுங்கள்.

"அப்ப என்ட பிழையே டொக்டர்?" என்று கேட்டார் அந்த அம்மா. இல்லை அம்மா, மறித்தவர்களின் பிழை என்றேன். விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, விளையாடினால் நல்லது. உப்பைக் குறைக்கவும், சலம் பரிசோதிக்கவும், ஒரு மாதத்தில் மறுபடி பிரசர் பார்க்கவும் எழுதிக் கொடுத்தேன்.

எழும்பும்போது, சண்டைக்குள் பால்குடியாக இருந்த தமக்கையையும் கூட்டிவரவா என்று கேட்டார். வரச் சொன்னேன்.