கம்பெனியே வேகமான காராகக் கொடுத்த பிறகும் இன்ஜினைத் தொடலாமா?

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். 245 இந்தியாவுக்கு 2020-ல் வந்தபோது மொத்தம் 200 கார்கள்தான். 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 குதிரைத்திறன். அதை வாங்கியவர்களுக்கும் ஆசை அடங்குவதில்லை, "ஸ்டேஜ் 1 போடலாமா?" என்கிறார்கள். லேப்டாப்பைச் சொருகி, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவின் மேப்பை, அதாவது அதன் செட்டிங்கை, மாற்றி வேகம் கூட்டுகிற வேலை, ஸ்பேனர்கூட வேண்டாம்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்வது இது: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரள வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொன்னது. சி.என்.ஜி., எல்.பி.ஜி., பேட்டரி என்று எரிபொருளை மாற்ற, அங்கீகாரம் பெற்ற கிட் பொருத்தலாம். வேகம் கூட்டுவதற்கென்று அப்படி ஒரு விலக்கு கிடையாது. மீறினால் 182ஏ(4) பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பெரிய இன்ஜினைத் தூக்கி வைத்தால் சிசி மாறிவிடும்; அதில் வாதத்துக்கே இடமில்லை. பழுதான இன்ஜினுக்குப் பதில் அதே வகையைப் போடுவதற்கும் ஆர்.டி.ஓ. ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் புது எண் ஏற வேண்டும்.

ஈசியூ மேப்பை மட்டும் மாற்றுகிற ரீமேப்தான் குழப்பம். சிசி மாறாது, இன்ஜின் எண்ணும் மாறாது. "யாருக்கும் தெரியாது சார்" என்பார் டியூனர். தெரியாமல் போவது அனுமதி ஆகிவிடாது. அந்த மாடல் மாசுச் சோதனையில் தேறியது கம்பெனி மேப்போடுதான். பாகங்களையும் மாற்றுகிற ஸ்டேஜ் 2-க்குப் போய், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் மாசு விதியையே மீறுகிறீர்கள்: 190(2) பிரிவு, முதல் முறையே 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.10,000 வரை அபராதம், கூடவே 3 மாதம் லைசென்ஸ் தகுதி இழப்பு. புகைச் சான்றிதழ் கிடைத்ததே என்று சொல்லித் தப்ப முடியாது. அங்கே வண்டியை நிறுத்திவைத்துத்தான் பார்க்கிறார்கள், சாலையில் ஓட்டிப் பார்ப்பதில்லை.

என்னைக் கேட்டால், போலீஸைவிட இன்சூரன்ஸ்தான் பெரிய கவலை. சொல்லாமல் செய்த மாற்றம் விபத்துக்குப் பிறகு சர்வேயர் கண்ணில் பட்டால், சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்ம் சிக்கலாகும். அதனால் மாற்றுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வாரன்ட்டியும் அப்படித்தான். ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களில் ரீமேப் செய்தது சர்வீஸ் கம்ப்யூட்டரில் தெரிந்தால் டிடி1, அதாவது மேப் மாற்றப்பட்ட கார், என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றினாலும் அந்தக் குறி போகாது.

ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் கதை வேறு. இருங்காட்டுக்கோட்டையும் கோவை கரி ஸ்பீட்வேயும் அதற்காகவே இருக்கின்றன. ஆனால் அங்கே போகிற வழி பொதுச் சாலை. ஸ்டேஜ் 2 காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.