கும்பிடுபூச்சியை விடுங்கள், பக்கத்தில் ஊருகிற சின்னதைப் பாருங்கள்

ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை தொடங்கினால், கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள என் டிஸ்பென்சரிக்கு நோயாளிகளோடு பூச்சிகளும் வரத் தொடங்கிவிடும். யோகட் கப்பில், ஜாம் போத்தலில், பொலித்தீன் பையில். இப்போதெல்லாம் பெரும்பாலும் போனில் படமாக. அதிகம் வருவது கும்பிடுபூச்சிதான். கேள்வியும் அநேகமாக ஒன்றேதான்: "டொக்டர், இது விஷமோ?"

விஷமில்லை. அதற்குக் கொடுக்கு கிடையாது, விஷச் சுரப்பி கிடையாது. மனிதருக்கு எந்த நோயையும் அது காவி வருவதும் இல்லை. "கண்ணுக்குள்ள துப்பினா பார்வை போயிடுமாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. கும்பிடுபூச்சி துப்புவதில்லை. கையில் பிடித்தால் வாயால் கபில நிறத்தில் ஏதோ கக்குவது வெட்டுக்கிளி. அதுவும் யாரையும் குருடாக்காது, கழுவினால் போய்விடும்.

ஆனாலும் பயப்படுகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பயமுறுத்துவது அந்தப் பூச்சியின் பிழைப்பு. பூச்சிகளில் பெரும்பாலானவை நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இது பார்க்கும். தலையை ஏறத்தாழ 180 பாகை திருப்பக்கூடியது. நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அதன் கண்ணில் ஒரு கறுப்புப் புள்ளி உங்களையே பின்தொடர்வதுபோல இருக்கும். அது கண்மணி அல்ல. கூட்டுக்கண்ணில் உங்களுக்கு நேராக இருக்கும் பகுதி ஒளியை உறிஞ்சுவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். நெருங்கிப் போனால் சில வகைகள் எழுந்து நின்று, முன்கால்களை விரித்து, இறக்கையையும் தூக்கிக் காட்டும். தாக்கப் போகிறது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அது நம்மைப் போகச் சொல்கிறது.

அதன் பார்வை மட்டும் சாதாரணமானதல்ல. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கும்பிடுபூச்சிகளுக்குச் சின்னஞ்சிறு முப்பரிமாணக் கண்ணாடியைத் தேன்மெழுகால் ஒட்டி, திரையில் படம் காட்டிப் பரிசோதித்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. இரண்டு கண்ணையும் சேர்த்துத் தூரத்தை அளந்து, கைக்கெட்டும் தூரத்தில் அசைகிற சின்ன உருவத்தின் மேல்தான் அது பாய்கிறது. நாம் அந்தக் கணக்கில் வரமாட்டோம். நம் விரல் நுனி மட்டும் சில வேளை வந்துவிடும்.

அப்படி வந்துபோன ஒரு விரலைப் பார்த்திருக்கிறேன். பம்பலப்பிட்டிப் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பையன், விஞ்ஞானப் பாடத்துக்கென்று பூச்சியை வயிற்றில் பிடித்துத் தூக்கியிருக்கிறான். அது பின்பக்கமாக முன்காலை வளைத்து விரலைக் கவ்விவிட்டது. கும்பிடுபூச்சியின் முன்காலில் கடைசிப் பகுதி மடிந்து மேற்பகுதியோடு பூட்டிக்கொள்ளும், இரண்டிலும் முள்வரிசை. விரலில் ஊசி குத்தினதுபோல வரிசையாக நாலைந்து சிவந்த புள்ளிகள், பக்கத்தில் ஒரு கீறல். புள்ளிகள் பூச்சியின் வேலை. கீறல், இவன் பதறிக் கையை இழுத்ததால் வந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொன்னேன். ஏற்பு ஊசி போட வேண்டாமா என்று தகப்பன் கேட்டார். தடுப்பூசியெல்லாம் ஒழுங்காகப் போட்ட பிள்ளை, இதற்கென்று தனியாகத் தேவைப்படவில்லை.

வாயால் கடிப்பதும் நடக்கலாம். பெரிய பூச்சியாக இருந்து, நசுக்கிப் பிடித்தால். அதன் தாடை சின்னப் பூச்சிகளை மெல்லத்தான் போதும், நம் தோலில் பெரிதாக ஒன்றும் செய்யாது. விரலைக் கவ்விக்கொண்டால் இழுக்காமல் கொஞ்சம் பொறுங்கள், அதுவே விட்டுவிடும். வீட்டை விட்டு அனுப்ப வேண்டுமென்றால் முன்னால் ஒரு ஈர்க்கையோ கடதாசியையோ நீட்டி, பின்னாலிருந்து மெதுவாகத் தட்டினால் தானாக ஏறிக்கொள்ளும்.

சரி, பறவையைப் பிடித்துத் தின்கிற கும்பிடுபூச்சி வீடியோ? அது பொய்யில்லை. 2017இல் வெளிவந்த ஒரு தொகுப்பில் 13 நாடுகளிலிருந்து இப்படி 147 சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவை அமெரிக்காவில், வீட்டுத் தோட்டத்தில் தொங்கவிட்ட தேன்நீர்க் கிண்ணத்துக்கு வந்த தேன்சிட்டளவுப் பறவைகள். அதைப் பார்த்துவிட்டுக் கைக்குழந்தையை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. புருஷனைத் தின்னும் கதையும் பாதிதான் உண்மை. பசியோடிருக்கும் பெண்பூச்சி தின்னும், வயிறு நிறைந்தது பெரும்பாலும் விட்டுவிடும்.

இன்னொன்று, அரிதாக வரும், ஆனால் வந்தால் வீட்டையே கலக்கிவிடும். வாளித் தண்ணீரில் விழுந்த கும்பிடுபூச்சியின் பின்பக்கத்தால், பூச்சியை விட நீளமான, கறுத்த, விறைப்பான புழு ஒன்று நெளிந்து வெளியே வரும். மயிர்ப்புழு. பூச்சியின் வயிற்றுக்குள் வளர்ந்து, முட்டையிடத் தண்ணீர் வேண்டியிருப்பதால் பூச்சியைத் தண்ணீருக்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிற ஒட்டுண்ணி. பார்க்க அருவருப்புத்தான், மறுக்கவில்லை. ஆனால் மனித உடலில் அது குடியிருக்காது. பூனை அந்தப் பூச்சியைத் தின்றுவிட்டது என்று இரவில் போன் எடுக்க வேண்டாம்.

இனி, நான் உண்மையில் எழுத வந்த விஷயம்.

மழைக்காலத்தில் கும்பிடுபூச்சி பல்கனிக்கு வருவது லைட்டுக்காக. இரவில் பறந்து வருவது பெரும்பாலும் ஆண்பூச்சி. அதே லைட்டுக்கு வேறொன்றும் வரும். ஒரு சென்டிமீற்றருக்கும் குறைவான, ஒல்லியான வண்டு. தலை கறுப்பு, நெஞ்சு செம்மஞ்சள், நடுவில் நீலம் மினுங்கும் கட்டையான இறக்கை மூடி, வயிறு மறுபடி செம்மஞ்சள், நுனி கறுப்பு. ஓடும்போது வாலை மேலே தூக்கும். பார்ப்பவர்கள் எறும்பென்று நினைத்து விரலால் தேய்த்துவிடுவார்கள். பீடரஸ் என்பது அதன் விஞ்ஞானப் பெயர், 'அசிட் பூச்சி' என்று சொல்பவர்களும் உண்டு. ஈரமான வயல், உக்கிய இலைகுழை, கால்வாய்க் கரை எல்லாம் அதற்கு இடம். தலங்கமை, மாலபே பக்கம் வயலோடு ஒட்டிய வீடுகளுக்குச் சொல்லவே வேண்டாம். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சார் உடன்படிக்கையின் கீழ், 2018இல் ஈரநில நகரம் என்று அங்கீகாரம் பெற்ற ஊர் கொழும்பு. பூச்சி இல்லாமலா இருக்கும்?

இந்த வண்டு கடிக்காது, கொட்டாது. அதன் உடல் திரவத்தில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. வண்டுக்குள் வாழும் ஒரு பற்றீரியா உண்டாக்குவது. தோலின் மேல் வைத்து நசுக்கினால்தான் நமக்கு ஆபத்து. நசுக்கிய உடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் கழித்து, நசுக்கித் தேய்த்த வழியில் சிவந்த கோடு எழும்பி எரியும். பிறகு சிறு கொப்புளம், சீழ்ப்புள்ளி. இந்தத் தாமதத்தால்தான் பழி வேறெங்கோ போகிறது.

கழுத்தில் இப்படி ஒரு கோட்டோடு வந்த இளம்பெண்ணை உதாரணம் சொல்லலாம். முந்தின நாள் ஜன்னல் கம்பியில் கும்பிடுபூச்சி இருந்ததாம், அதுதான் இரவில் கடித்திருக்கிறது என்றாள். கணவன் அதைத் தும்புத்தடியால் அடித்துக் கொன்றும் விட்டார். முழங்கையை மடித்துக் காட்டச் சொன்னேன். மடிப்பின் இரண்டு பக்கமும் ஒரே வடிவத்தில், ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி இரண்டு சிவந்த தழும்புகள். கடித்தால் அப்படி வராது. நச்சு பட்ட தோல், மடியும்போது எதிர்ப்பக்கத் தோலில் ஒற்றிவிடுகிறது. "பிள்ளை, கட்டில் எங்க கிடக்கு?" என்று கேட்டேன். ஜன்னலோரம், டியூப்லைட்டுக்கு நேர் கீழே.

இதை அக்கி என்று நினைத்து அக்கி எழுதிக்கொண்டு வருபவர்கள் உண்டு. மருத்துவர்களும் குழம்புவார்கள், ஏனென்றால் கோடாக, கொப்புளமாக, எரிச்சலோடு இரண்டுமே வரும். 1997இலேயே இலங்கையின் புறநகர் வைத்தியசாலை ஒன்றில் பலருக்கு ஒன்றாக இது வந்ததைப் பற்றித் தோல் மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்திருக்கிறது. புது நோயல்ல. அப்படியிருந்தும் மழைக்கு மழை கும்பிடுபூச்சிதான் அடி வாங்குகிறது.

மேலில் அந்த வண்டு ஊர்ந்தால் அடிக்காதீர்கள், தேய்க்காதீர்கள். ஊதிவிடுங்கள், அல்லது கடதாசியில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள். நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரமும் நிறையத் தண்ணீரும். அந்தக் கையோடு கண்ணைத் தொடக்கூடாது. அன்று போட்ட உடுப்பையும் தலையணை உறையையும் தோய்த்துவிடுங்கள். எரிச்சலுக்கு ஈரத் துணியைக் குளிர்ச்சியாக வைக்கலாம். சுண்ணாம்பு, பாம், பற்பசை எல்லாம் வேண்டாம், எரிந்த தோலை மேலும் எரிக்கும். ஸ்டீரொய்ட் களிம்பு தேவையா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். பாமசியில் தானாக வாங்கிப் பூசி, அது உண்மையில் அக்கியாக இருந்தால் வேறு தொல்லை. பெரும்பாலும் ஓரிரு கிழமையில் ஆறிவிடும், கறுத்த அடையாளம் மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். கண்ணில் பட்டு இமை வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள், தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். எந்தப் பூச்சி கொட்டினாலும், குறிப்பாகக் குளவி, முகம் வீங்கி மூச்சுத் திணறினால் வேறு யோசனை வேண்டாம், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

கட்டிலை ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுவது, படுக்கப் போக முன் லைட்டை அணைப்பது, நுளம்பு வலை. இவ்வளவுதான் தடுப்பு. பூச்சியைக் கண்டவுடன் ஸ்பிறே அடிப்பதை நான் விரும்புவதில்லை. பூட்டிய அறையில் அடித்துவிட்டு, அதே இரவு மூச்சு இழுக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டோவில் வருகிறார்கள்.

நேர்மாறான ஆர்வக்காரர்களும் உண்டு. "கும்பிடுபூச்சி நுளம்பைத் தின்னும்தானே, பல்கனியில விட்டு வளர்க்கட்டுமா?" விடுங்கள், நல்லது. ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அகப்பட்டதையெல்லாம் தின்கிற பூச்சி அது, ஈயையும் தின்னும், வண்ணத்துப்பூச்சியையும் தேனீயையும் தின்னும், தன் இனத்தையே தின்னும். டெங்கு நுளம்பைத் தேடிப் பிடிக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. 2017இல் இந்த நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள், மேல் மாகாணத்தில்தான் அதிகம். கறிவேப்பிலைச் சாடியில் பூச்சி இருந்தால் இருக்கட்டும், சாடிக்குக் கீழே உள்ள தட்டில் தேங்கிய தண்ணீரை ஊற்றிவிட்டு, தட்டை உரஞ்சிக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், ஊற்றினால் மட்டும் போகாது. காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள், அஸ்பிரின், இபுபுரோபன் வேண்டாம். மூன்றாம் நாளுக்குள் இரத்தப் பரிசோதனை செய்து, அறிக்கையோடு வாருங்கள்.