டார்க்விஷன் இருக்கிறதென்று பந்தத்தை அணைக்காதீர்கள்

போன சனிக்கிழமை வேளச்சேரியில் நடந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டைஸ் உருட்டி, ஆளுக்கொரு வேடத்தில் ஆடும் கற்பனைக் கதை விளையாட்டு) ஆட்டத்திலும் அதே கதை. நடுராத்திரியில் நான்கு கோப்ளின்கள் (குட்டி அரக்கர்கள்) முகாமுக்குள் புகுந்தன. பார்ட்டியில், அதாவது ஆட்டக்காரர் குழுவில், பாதிப் பேர் கண் விழிப்பதற்குள் சரிந்துவிட்டார்கள். "டிஎம், இது அநியாயம்" என்று ஒரு தம்பிக்குக் கோபம். டிஎம் என்றால் ஆட்டத்தை நடத்தும் நான். காவலுக்கு யார் என்று நான் கேட்டபோது எல்லாரும் பரோட்டா ஆர்டர் போடுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

சென்னையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்திக் காசு வாங்குகிறவன் சொல்கிறேன்: திடீர்த் தாக்குதல் டிஎம் செய்யும் சதி இல்லை. பதுங்கி வருபவரின் ஸ்டெல்த் (பதுங்கும் திறனோடு டைஸ் எண்ணைக் கூட்டியது) உங்கள் பாஸிவ் பெர்செப்ஷனை (டைஸ் உருட்டாமலே கணக்காகும் கவனிக்கும் எண்) தாண்டினால் மாட்டினீர்கள். 2014 விதிப்புத்தகப்படி சண்டையில் உங்கள் முதல் டர்ன் (ஆடும் முறை) போச்சு. 2024 பதிப்பில் இனிஷியேட்டிவுக்கு (யார் முதலில் ஆடுவது என்று உருட்டுவது) டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) மட்டும்தான், சரி, அதுவும் வலிக்கும்.

அப்புறம் இந்த டார்க்விஷன், அதாவது ட்வார்ஃப் (குள்ளர்), எல்ஃப் போன்ற இனங்களுக்கு இருட்டில் பார்க்கும் திறன். "நான் ட்வார்ஃப், எனக்கு எதற்குப் பந்தம்?" என்று கேட்காத ஆளே இல்லை. ஐயா, டார்க்விஷன் இருட்டைப் பகலாக்காது. கும்மிருட்டு மங்கல் வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான். மங்கலில் பார்ப்பதற்கு டிஸ்அட்வான்டேஜ் உண்டு. பாஸிவ் எண்ணில் 5 குறையும். உங்களுடையது 13 என்றால் 8 ஆகிவிடும். கோப்ளினுக்கு ஸ்டெல்த் +6. இருபது முக டைஸில் 3 விழுந்தாலே உங்களைத் தாண்டிவிடும். நல்ல வெளிச்சத்தில் அதற்கு 8 விழவேண்டும். பந்தத்தின் நல்ல வெளிச்சம் 20 அடிக்குத்தான், தூரத்து வில்லாளியை அது காட்டிக்கொடுக்காது. ஆனால் கத்தியோடு பக்கத்தில் வருகிறவனுக்கு அது போதும்.

நடக்கும்போது மேப் வரைபவர், தடம் பார்ப்பவர், உணவு தேடுபவர் ஆகியோரின் பாஸிவை நான் கணக்கில் எடுக்கமாட்டேன். ஒருவராவது வேறு வேலையில்லாமல் சுற்றிலும் பாருங்கள்.

ராத்திரிக் காவலுக்கு யாரும் தூக்கம் கெடவேண்டியதில்லை. லாங் ரெஸ்ட் (முழு ஓய்வு) 8 மணி நேரத்தில் 2 மணி நேரம் காவல் காக்கலாம். நாலு பேர் இருந்தால் கணக்கு சரியாக வரும். எல்ஃப் இருந்தால் நன்றாக வேலை வாங்குங்கள், அவருக்கு 4 மணி நேர ட்ரான்ஸ் (தியானம்) போதும். விசர்ட் (மந்திரவாதி) அலாரம் என்ற எச்சரிக்கை மந்திரத்தை ரிச்சுவலாக (நிதானமாக, சடங்குபோல்) போடட்டும், ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) செலவில்லை. அது காப்பது 20 அடிக் கனசதுரம்தான், ஆளுக்கொரு மூலையில் படுக்காதீர்கள். ப்ளேட் ஆர்மரை (முழு உலோகக் கவசம்) கழற்றியவரை நடுவில் படுக்கவையுங்கள். திரும்பப் போட 10 நிமிடம், அதாவது சண்டையில் 100 ரவுண்டு (சுற்று).

தயவுசெய்து பாஸிவ் எண்ணை ஆட்டத்துக்கு முன்பே என்னிடம் எழுதிக் கொடுங்கள். நடுவில் நான் கேட்டால், கோப்ளின் வந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.