துண்டு போட்டு இடம் பிடிக்கும் நரம்புகள்

"இரண்டு வயது மகளுக்குப் பெருமூளை வாதம் (வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை). இடது கை சரியாக வரவில்லை. வாரம் இரண்டு நாள் தெரபி. வீட்டிலும் செய்யச் சொல்கிறார்கள். எல்லாம் நாங்களே செய்தால் தெரபிஸ்ட் எதற்கு?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

நியாயமான எரிச்சல்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். தலா 45 நிமிடம் என்றால் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். குழந்தை விழித்திருப்பதோ 80 மணி நேரம்.

மூளையின் வலப்பாதி இடது கையை இயக்குகிறது என்று பள்ளியில் படித்தோம். பிறக்கும்போது அது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. ஒவ்வொரு பாதியும் இரண்டு பக்கத்துக்கும் நரம்பிழைகளை அனுப்பியிருக்கும். தண்டுவடத்தில் ஒரே இடத்துக்கு இரு தரப்பும் போட்டி. பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதேதான். ஆனால் துண்டு மட்டும் போதாது, ஆள் வந்து உட்கார வேண்டும். அடிக்கடி கட்டளை ஓடும் இழை கிளைவிட்டு நிலைக்கும். சும்மா கிடப்பது பின்வாங்கும். வழக்கமாக எதிர்ப்பக்க இழைகள் ஜெயித்துவிடும். வலப்பாதியில் பாதிப்பு என்றால் அங்கிருந்து ஆள் வரத் தாமதமாகும். அதற்குள் இடப்பாதியின் இழைகள் உட்கார்ந்துவிடலாம்.

அதனால்தான் நாம் கையைப் பிடித்து நூறு தடவை மடக்கி நீட்டினாலும் இந்தப் போட்டியில் பெரிதாக எதுவும் மாறாது. கட்டளை அவள் மூளையிலிருந்தே கிளம்ப வேண்டும். அதற்கு அவளுக்கு ஆசை வர வேண்டும். பொரி டப்பாவைக் கண்டால் விடமாட்டாள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடலாம், நல்ல கைக்கு உறை மாட்டலாமா, மாட்டினால் எத்தனை நேரம் என்பதெல்லாம் தெரபிஸ்ட்டின் கணக்கு. நல்ல கையும் இப்போதுதான் வளர்கிறது. நாள் முழுக்கக் கட்டிவைத்தால் அதற்கும் இடம் போகலாம்.

ஆஸ்திரேலியாவில் அயோனா நோவாக் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில், குடும்பம் குறிக்கோளைச் சொல்ல, தெரபிஸ்ட் பயிற்சியை வகுத்துத் தந்தார். பெற்றோர் அதை வீட்டில் செய்தது சராசரியாக மாதம் 17, 18 தடவை, ஒவ்வொன்றும் சுமார் 17 நிமிடம். எட்டே வாரத்தில் பலன் தெரிந்தது.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கம், தெரபிக்காகப் பணியாளர்களை வீடுகளுக்கே அனுப்புகிறது. பளபளக்கும் கருவிகளுக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் இதற்கும் போகலாம் என்பது என் கட்சி.

அப்புறம், "இடது கையால் வாங்காதே" என்று வீட்டில் யாராவது அதட்டினால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மற்ற பெற்றோருக்கும் ஒன்று: ஒரு வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டுமே நீட்டினால், பழக்கம் என்று விடாமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.