பரிந்துரையா, விதப்புரையா?

திருமலையில், அதாவது எங்கள் திருகோணமலையில், வாசகர் வட்டம், பள்ளிக்கூடத் தமிழ் மன்றம், வட்ஸ்அப் குழு என்று எங்கே போனாலும் இப்போது ஒரு தலைப்பு கண்ணில் படுகிறது: 'விதப்புரைக்கப்படும் வலைத்தளங்கள்'. ஓவியம் பார்க்க இந்தத் தளம், இசை பற்றி வாசிக்க இது, சினிமாவுக்கு இது, இணையத்தில் மீம்கள் எங்கிருந்து முளைக்கின்றன என்று அறிய இது. யாரோ ஒரு பிள்ளை ராத்திரி ராத்திரியாகத் தேடி, ஆசைப்பட்டுத் தொகுத்த பட்டியல். பட்டியலில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தலைப்பு மட்டும் அரசாங்கக் கச்சேரியில் இருந்து வந்த கடிதம் போல இருக்கிறது. இந்தச் சொல் இந்த இடத்துக்கு உரியதல்ல, இங்கே வேண்டியது பரிந்துரை.

விதப்புரை, விதந்துரை இரண்டும் இலங்கை அரச தமிழில் நன்றாகப் பழகிய சொற்கள். காணி விண்ணப்பம், கடன் விண்ணப்பம், இடமாற்றக் கடிதம் எதை எடுத்தாலும் அடியில் ஒரு கோடும், 'கிராம அலுவலரின் விதப்புரை' என்ற வரியும் இருக்கும். அங்கே அந்தச் சொல் சரியாகவே வேலை செய்கிறது. கையொப்பம் இடுகிறவர் விண்ணப்பதாரியை விரும்ப வேண்டியதில்லை. விபரம் உண்மையா, தகுதி உண்டா என்று பார்த்து மேலே அனுப்புகிறார். விருப்பு வெறுப்பு இல்லாமல் இருப்பதுதான் அந்த வேலைக்கு அழகு.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'வித' என்ற வினைக்கு ஒன்றைச் சிறப்பாக எடுத்துச் சொல்லுதல் என்று பொருள். பழைய உரையாசிரியர்கள் 'விதந்து ஓதினார்' என்று எழுதுவது இந்தப் பொருளில்தான்: பொதுவாகச் சொல்லாமல் இன்னதென்று குறித்துச் சொன்னார். 'பரி' என்ற வினைக்கு அன்பு கொள்ளுதல், இரங்குதல், ஒருவர் சார்பாக நிற்றல், வருந்தி முயலுதல் என்று பல முகங்கள். பரிவு அதன் பிள்ளை. சிபாரிசு பாரசீகத்தில் இருந்து உருது வழியாக வந்தது. இன்றைக்கு அதைக் கேட்டால் 'ஆளைப் பிடித்தல்' என்ற வாடைதான் முதலில் வருகிறது, ஆகவே அதை இங்கே ஒதுக்கி வைக்கிறேன். ஆங்கிலத்தில் ரெக்கமென்ட் என்கிறார்களே, அதன் லத்தீன் வேரில் இருப்பது ஒருவரை நம்பி ஒன்றை ஒப்படைத்தல். நம் பேச்சில் கையளித்தல் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விதப்புரைதான் வேண்டும் என்பவர்கள் வழக்கமாக மூன்று நியாயம் சொல்வார்கள்.

முதலாவது, பரிந்துரை இந்தியச் சொல், விதப்புரை நம்முடையது என்பது. இலங்கைத் தமிழுக்கென்று தனிச் சொற்கள் இருப்பதில் எனக்குப் பெருமைதான். தெரிவு, கையளித்தல், மருந்துத் துண்டு போன்றவற்றை யார் கேட்டும் மாற்ற மாட்டேன். ஆனால் பரிந்துரை தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அதிகம் புழங்குகிறது என்பதால் மட்டும் அந்த வேர் பாக்கு நீரிணைக்கு அப்பால் போய்விடுமா? மணிவாசகரின் 'பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து' என்ற அடியை இங்கே கோயிலிலும் வீட்டுச் சாமியறையிலும் தலைமுறை தலைமுறையாகப் பாடுகிறோம். பிள்ளை அழுமுன்பே பசியை நினைத்துப் பால் கொடுக்கும் தாயை விடவும் பரிந்து என்கிறார். அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த திருமலைக் குழந்தைக்குப் பரிதல் என்பது எந்த நாட்டுச் சொல் என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நியாயம்தான் கனமானது. பரிந்துரை என்றாலே பக்கச்சார்பு, 'பரிந்து பேசுதல்' என்றால் ஒருவருக்காக வக்காலத்து வாங்குவது, நடுநிலையான தெரிவுக்கு அது பொருந்தாது என்கிறார்கள். ஒரு விசாரணைக் குழு அரசாங்கத்துக்குச் சொல்லும் முடிவைப் பரிந்துரை என்று எழுதினால் இந்தத் தயக்கம் நியாயம்தான். குழு பரியக் கூடாது. அங்கே விதந்துரை என்றே எழுதுங்கள், நானும் அப்படியே எழுதுவேன். ஆனால் பாட்டும் படமும் விசாரணைக்கு வந்த வழக்கா? எனக்குப் பிடித்த ஓர் ஓவியத் தளத்தை உங்களிடம் சொல்லும்போது நான் அதன் பக்கம் நின்றுதான் பேசுகிறேன். அந்தச் சார்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு முகவரி. முகவரிக்கு யாருடைய உதவியும் தேவையில்லை, தேடுபொறி தரும்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 'பரிந்தோம்பிக் காக்க ஒழுக்கம்' என்ற குறளில் வரும் 'பரிந்து' என்பதற்குப் பரிமேலழகர் 'வருந்தியும்' என்று பொருள் சொல்கிறார். பாடுபட்டு என்று வைத்துக்கொள்ளலாம். ரசனையுள்ள ஒருவர் சொல்லும் ஐந்து தளங்களுக்குப் பின்னால் அவர் பார்த்துத் தள்ளிய ஐம்பது இருக்கும். அன்பு, சார்பு, பாடு மூன்றையும் ஒரே வேர் தாங்கி நிற்கிறது. இப்படி ஒரு சொல் கையில் இருக்கும்போது, குறித்துச் சொல்லுதல் என்ற ஒற்றைப் பொருள் கொண்ட விதப்புரையைத் தேடிப் போக எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, விதப்புரை என்றால் 'தரம்' தெரிகிறதாம். சொல் கனமாக இருந்தால் பட்டியலுக்கு மரியாதை கூடும் என்ற எண்ணம். இதோடு எனக்குச் சண்டையே உண்டு. கலை பற்றிய நல்ல தளங்கள் எதுவும் கனமான தலைப்பால் வாழவில்லை, ஒரு மனிதரின் கண்ணால் வாழ்கின்றன. ஜேசன் கொட்கி 1998இல் இருந்து தன் பெயரிலேயே ஒரு தளம் நடத்துகிறார். கட்டடக்கலையில் இருந்து வேடிக்கைக் காணொளி வரை தனக்குப் பிடித்ததை எடுத்துப் போட்டு, ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதுவார். கொலோசல் என்ற ஓவிய, சிற்பத் தளத்தை 2010இல் கிறிஸ்டோபர் ஜாப்சன் தனி ஆளாகத்தான் தொடங்கினார். சினிமாவின் காட்சிக் கட்டமைப்பை அறிய விரும்புகிறவர்களுக்கு டேவிட் போர்ட்வெல்லும் கிறிஸ்டின் தாம்ப்சனும் 2006இல் தொடங்கிய தளம் ஒரு பல்கலைக்கழகம். போர்ட்வெல் 2024இல் காலமானார், கட்டுரைகள் இருக்கின்றன. ஒரு ஷாட்டில் கண் எங்கே போகிறது என்று அவர் காட்டியதைப் பார்த்த பிறகு எந்தப் படத்தையும் பழையபடி பார்க்க முடியாது. பதிப்புரிமை முடிந்த பழைய படங்கள், விளக்கச் சித்திரங்கள், ஒலிப்பதிவுகள் பற்றி அறிய 2011இல் இருந்து வரும் பப்ளிக் டொமைன் ரிவ்யூ. மீம்களின் பூர்வீகத்துக்கு 2008இல் தொடங்கிய நோ யுவர் மீம்.

பாருங்கள், இப்போது நான் செய்தது பரிந்துரை. இதற்கு மேல் 'விதப்புரைக்கப்பட்டவை' என்று தலைப்பு வைத்தால், பல்கலைக்கழகம் என்று நான் ஆசையாகச் சொன்ன வார்த்தை யாருடையது என்றே தெரியாமல் போகும்.

எங்கள் ஊரில் இந்தப் பழக்கத்துக்கு நல்ல வரலாறும் உண்டு. பிரமிள் என்ற தருமு சிவராமு 1939இல் பிறந்தது திருகோணமலையில். கவிதை, விமர்சனம், ஓவியம் மூன்றிலும் கை வைத்தவர், இங்கிருந்தே சென்னையின் 'எழுத்து' இதழுக்கு எழுதினார். அந்தச் சிற்றிதழ்க் காலத்தில் ஒரு கவிஞனை, ஒரு ஓவியனை இன்னொரு வாசகனிடம் கொண்டு சேர்த்தது யாரோ ஒருவரின் உரத்த, சார்பான, சில நேரம் சண்டைக்கு நிற்கும் குரல்தான். நடுநிலையான குரலால் ஒரு சிற்றிதழும் ஓடியதில்லை.

இனி 'படு' என்ற செயப்பாட்டு வினை பற்றி. விதப்புரை பிடிக்காதவர்களிலும் பாதிப் பேர் வேறொரு குழியில் விழுகிறார்கள்: 'பரிந்துரைக்கப்படுகிறது'. யாரால்? பரிகிறவர் இல்லாமல் பரிவு எங்கே இருந்து வரும்? செயலிகளின் தமிழ் முகப்பைத் திறந்தால் 'உங்களுக்காகப் பரிந்துரைக்கப்பட்டவை' என்று ஒரு வரிசை நிற்கிறது. அங்கே யாரும் பரியவில்லை. நம் விருப்பத்தைக் கணித்து வரிசை போடும் இந்தத் தொழில்நுட்பத்தின் வரலாறே அதைச் சொல்கிறது. 1992இல் பாலோ ஆல்டோவின் ஸெரொக்ஸ் ஆய்வகத்தில் ஒரு மின்னஞ்சல் முறைமையை உருவாக்கியவர்கள் இதைக் 'கூட்டு வடிகட்டல்' என்ற பொருள்பட அழைத்தார்கள். 1997இல் ரெஸ்னிக், வேரியன் என்ற இரு ஆய்வாளர்கள்தான் ரெக்கமென்ட் என்ற வினையை அதற்குப் பெயராக்கி நிலைக்கச் செய்தார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2006இல் பத்து லட்சம் டொலர் பரிசு அறிவித்துப் போட்டி வைத்ததே, அதில் கேட்டது என்ன? ஒருவர் ஒரு படத்துக்கு எத்தனை நட்சத்திரம் போடுவார் என்று தங்கள் முறையை விடப் பத்து வீதம் துல்லியமாகக் கணித்துத் தருவது. 2009இல் பரிசு கொடுபட்டது. வென்றது ஒரு கணிப்பு.

ஆகவே அதற்குக் கணிப்பு என்றே பெயர் வைக்கலாம். 'நீங்கள் விரும்பக்கூடியவை' என்று எழுதினால் கணிப்பு என்பதும் தெரியும், தமிழும் இயல்பாக இருக்கும். தொழில்நுட்பக் கட்டுரை எழுதுகிறவர்கள் 'பரிந்துரை எஞ்சின்' என்பதை விட்டுக் 'கணிப்புப் பொறி' என்று எழுதிப் பார்க்கட்டும். மனிதருக்கு ஒரு சொல், பொறிக்கு ஒரு சொல் என்று பிரித்துவிட்டால் வாசகனுக்கு ஒரு பெரிய தெளிவு கிடைக்கும்: இந்தப் பாட்டை என் முன்னால் வைத்தது ஆளா, கணக்கா?

இந்தத் தெளிவு முன்பு தானாகவே இருந்தது. வலைப்பதிவர்கள் கோலோச்சிய நாட்களில் ஒவ்வொருவரின் பக்கத்து ஓரத்திலும் 'நான் வாசிப்பவை' என்று ஒரு நிரல் இருக்கும். அதில் இருந்து இன்னொருவர், அவரிடம் இருந்து வேறொருவர் என்று போகலாம். பல பதிவுகளை ஓரிடத்தில் திரட்டி வாசிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 யூலை 1ஆம் திகதி மூடப்பட்டது. அப்புறம் அந்த ஓர நிரல்கள் மெல்ல மெல்லக் காணாமல் போயின, நாம் எல்லாரும் பொறி நீட்டும் வரிசைக்கு வந்து சேர்ந்தோம். 'நான்' போய் 'படுகிறது' வந்தது.

கூடவே வந்த இன்னொரு சொல்லையும் சொல்லியாக வேண்டும்: உள்ளடக்கம். ஒரு நூலின் உள்ளடக்கம், ஒரு பெட்டியின் உள்ளடக்கம் சரி. கர்நாடக இசைக் கச்சேரி, சுவரோவியம், குறும்படம், பூனைக் காணொளி எல்லாமே உள்ளடக்கம் என்றால் எதைப் பற்றிப் பேசுகிறோம்? 'உள்ளடக்கப் பரிந்துரை' என்ற தொடரைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பாட்டைப் பாட்டு என்று சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்கள் மீது முழுப் பழியையும் போட நான் வரவில்லை. அவர்கள் வேலை செய்யும் விதம் எனக்குத் தெரியும். செயலி ஒன்றின் சொற்கள் எல்லாம் ஓர் அட்டவணையில் துண்டு துண்டாக வரும். வசனமும் இல்லை, படமும் இல்லை, எந்தத் திரையில் தோன்றும் என்ற குறிப்பும் இல்லை. 'ரெக்கமென்டட்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் கை தானாகவே '-க்கப்பட்டது' என்று எழுதும், அதுதான் எங்கேயும் பொருந்திப் போகும். ஆனால் பட்டியல் போடும் பிள்ளைக்கு அந்த நெருக்கடி இல்லையே! தலைப்பும் அவள் கையில், எழுவாயும் அவள் கையில். 'நான் பரிந்துரைக்கும் தளங்கள்' என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் பிடித்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். அதுவும் பெரிதாகத் தோன்றினால், நாம் வாயால் சொல்வதையே எழுதலாம்: 'ஒருக்காப் பாருங்கோ'. மொழிபெயர்ப்பாளருக்கும் ஒரு வழி உண்டு. ஒற்றைச் சொல்லை மட்டும் அனுப்பினால், இது எந்தத் திரையில், எந்தப் படத்துக்குக் கீழே வரும் என்று திருப்பிக் கேட்கலாம். கேட்டால் பெரும்பாலும் திரைப்பிடிப்பு ஒன்றை அனுப்பி வைப்பார்கள்.